தொப்பி போடாத வீடு

எங்கள் ஊரில் சிவப்பிரகாசத்தின் வீட்டுக்கு விலாசம் தேவையில்லை. கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் இறங்கி, தொப்பி போடாத வீடு எது என்று கேட்டால் போதும், டீக்கடையில் இருப்பவர்களே கையை நீட்டிக் காட்டுவார்கள். கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள். ஆனால் ஆடி மாதம் கங்கையம்மன் ஜாத்திரையில் அதே ஆட்கள் அந்த வீட்டுக்காரனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

நான் அவனுக்குப் பக்கத்து வீடு. பெயர் யூனிஸ். முப்பத்து நாலு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். அந்தக் காலத்து நர்ஸ் என்றால் தெரியுமே, கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியைக் கொண்டை ஊசியால் தலையில் குத்திக்கொண்டுதான் வார்டுக்குள் போக வேண்டும். ஆகவே தொப்பியைப் பற்றி எழுத எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. சிவப்பிரகாசமும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்தவர்கள். அவனுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. இருந்தாலும் அவன் என்றுதான் எழுதுவேன், அவர் இவர் என்று எழுதினால் அவனே சிரிப்பான்.

அந்த வீட்டுக்குப் பெயர் வந்த சங்கதி இருநூறு வருஷத்துக்கு முந்தையது. அவர்கள் வம்சத்தில் தணிகாசலம் என்று ஒருவர் வேலூர்க் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்தாராம். ஆயிரத்து எண்ணூற்று ஆறில் வெள்ளைக்கார அதிகாரிகள் புது உத்தரவு போட்டார்கள். நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. தாடி கூடாது. மீசை அவர்கள் சொன்ன அளவில் இருக்க வேண்டும். வழக்கமான தலைப்பாகையை எடுத்துவிட்டு, தோல் வைத்துத் தைத்த புதுத் தொப்பியைப் போட வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களுமாகச் சிப்பாய்கள் சேர்ந்து முடியாது என்றார்கள். முடியாது என்றவர்களைக் கட்டி வைத்துக் கசையால் அடித்தார்கள். மன்னிப்புக் கேட்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது. தணிகாசலம் கேட்கவில்லை. முழு அடியையும் வாங்கிக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு, வேலூரிலிருந்து எங்கள் ஊர்வரை வெறுந்தலையோடு நடந்தே வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் ஜூலை மாதம் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்ததும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டதும் பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான். அன்றைக்குத் தணிகாசலம் கோட்டையில் இல்லை, இங்கே ஏர் பிடித்துக்கொண்டிருந்தார். இதை அந்தக் குடும்பம் ஒருநாளும் மறைத்ததில்லை. எனக்கு அவர்களைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். இல்லாத வீரத்தை இழுத்து வைத்துப் போஸ்டர் அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். "அவுரு சுடல, கொல்லல. வேணாம்னாரு, அடி வாங்கினாரு, வந்துட்டாரு. அவ்ளோதான்," என்பான் சிவப்பிரகாசம். அந்த அவ்வளவுதானைச் சொல்லும்போது அவன் முதுகு நிமிர்வதைப் பார்க்க வேண்டும்.

கலகம் அடங்கியதும் கம்பெனியே அந்தத் தொப்பி உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் தணிகாசலத்தின் வீடு எதையும் வாபஸ் வாங்கவில்லை. அந்த வம்சத்தில் யாரும் தொப்பி போடுவதில்லை. துண்டு கட்டலாம், முண்டாசு கட்டலாம், அதையும் தானே கட்டிக்கொள்ள வேண்டும், பிறத்தியார் கை தலையில் படக்கூடாது. கல்யாண மாப்பிள்ளைகூடக் கண்ணாடி பார்த்துத் தானே தலைப்பாகை சுற்றிக்கொள்வான், கோணலாக இருந்தாலும் யாரும் திருத்த மாட்டார்கள். ஜாத்திரை அன்று அம்மனுக்குச் சாத்திய பரிவட்டத்தை முதலில் பெறுவது அந்த வீட்டு மூத்தவன். பூசாரி மற்றவர்களுக்கெல்லாம் தலையில் கட்டிவிடுவார். அவனுக்கு மட்டும் தட்டில் வைத்து நீட்டுவார், அவன் எடுத்துத் தானே கட்டிக்கொள்வான். மேளக்காரர்கள் அதுவரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். நான் கிறிஸ்தவச்சி, எனக்கு அம்மன் பிரசாதத்தில் பங்கில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்க வருஷா வருஷம் போய் நிற்பேன்.

சிவப்பிரகாசம் இந்த விஷயத்தில் அநியாயத்துக்குப் பிடிவாதக்காரன். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தால் பூரியும் கிழங்கும் கிடைக்கும் என்று நாக்கில் எச்சில் ஊற நின்றான், தொப்பி உண்டு என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டான். ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது சட்டத்தை மீறவும் இல்லை, ஹெல்மெட் போடவும் இல்லை. மொபெட்டை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்கினான். கரும்புக்கு உரம் வாங்கத் திருத்தணிக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அவனுடைய குடலிறக்க ஆபரேஷன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டி வந்திருந்தார்கள். நான் அப்போது வார்டு சிஸ்டர். தியேட்டருக்குள் போகும் நோயாளிக்குத் தலையில் பச்சைத் துணிக்குல்லா மாட்டுவார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவன் குல்லாவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"இன்னா யூனிசு, இதப் போடாம அறுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. முடி வுழுந்துடும். பேசாம படு."

"அப்ப வூட்டுக்குப் போறேன்."

"போ. குடல் வெளில வந்து தொங்கினு கிடக்கும். உங்க தணிகாசலம் வந்து உள்ள தள்ளுவாரு."

கத்தினேன், டாக்டர் கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவன் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய், மற்றத் துணிகளோடு கொதிநீராவியில் வைத்து எடுத்து, அவனிடமே கொடுத்தேன். படுத்தபடியே இறுக்கிச் சுற்றிக்கொண்டான். எங்கள் தியேட்டருக்குள் முண்டாசோடு போன ஒரே நோயாளி அவன்தான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள், தேவயானி. அவளுக்குப் போலீஸ் வேலைதான் வேண்டுமாம். விடியற்காலையில் மலைக்குப் போகிற ரோட்டில் அவள் ஓடிப் பழகினாள். பின்னாலேயே இவன் சைக்கிளில் போய்க் கடிகாரம் பார்த்து நேரம் சொன்னான். தொப்பியைப் பற்றி அவன் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டான். தேர்வானால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருப்பான். மகள் தேர்வாகிவிட்டாள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். பெண் பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டா இல்லையா என்று ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். சிவப்பிரகாசத்தின் மனைவி கோவிந்தம்மாள் வாசலில் நின்று கேட்டாள்: "அந்தக் காலத்துல பொம்பளைக்கு யாரு தொப்பி குடுத்தாங்க, வேணாம்னு சொல்றதுக்கு?"  பதில் இல்லாதவர்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். இனி சிவப்பிரகாசத்துக்கு முதல் பரிவட்டம் இல்லை, அவன் தம்பி மகன் சூர்யபிரகாஷுக்கு என்று தீர்ப்புச் சொல்லி எழுந்துவிட்டார்கள்.

சிவப்பிரகாசம் தீர்ப்பை ஏற்றுக்கொண்டான். மகளைக் கூப்பிட்டு, "நீ போ. உன் வேலைய நான் கெடுக்க மாட்டேன். ஆனா அந்தத் தொப்பியோட இந்த வாசப்படி ஏறாத," என்று மட்டும் சொன்னான். அவளும் சரி நைனா என்றுவிட்டாள். அதிலிருந்து அவள் லீவில் வந்தால் முதலில் என் வீட்டுக்கு வருவாள். தொப்பியை என் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

அந்த இரண்டு ஜாத்திரையிலும் சிவப்பிரகாசம் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றான். சூர்யபிரகாஷ் பரிவட்டம் கட்டிக்கொள்வதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். உள்ளே எல்லோருக்கும் வலைத்தொப்பி கட்டாயம் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஏறும் முன் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வான். "நான் சொல்லிடட்டுமா எல்லாருக்கும்?" என்று சிவப்பிரகாசத்திடம் கேட்டேன்.

"வாய மூடு. அவன் பொழப்பு அது. எனுக்குப் பரிவட்டம் வோணும்னு அவனக் காட்டிக் குடுக்கவா?" என்றான்.

இந்த வருஷம் ஆடியில்தான் எல்லாம் புரண்டது. ஜாத்திரைக்கு மூன்று நாள் இருக்கும்போது தேவயானி திடீரென்று வந்து இறங்கினாள். தொப்பியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுதான். அவள் வேலை பார்க்கும் ஊரில் ஒரு திருவிழாப் பந்தோபஸ்து. எந்த ஊர், எந்த அதிகாரி என்று நான் எழுதப் போவதில்லை. தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்கிற ஒரு பெண், வண்டியை எடு என்று சொன்ன அதிகாரியிடம் எதிர்த்துப் பேசிவிட்டாள். வண்டியையும் எடுத்துவிட்டாள், ஆனால் அவருக்குக் கோபம் அடங்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவளை ரோட்டில் முட்டி போட வை என்று தேவயானிக்கு உத்தரவு போட்டார்.

"முடியாதுங்க சார்னு சொன்னேன் அத்தை. உடனே அவரு, தலையில தொப்பி இருக்குதுல்ல, சொன்னதச் செய்யின்னாரு. தொப்பி இருக்கறதாலதான செய்யச் சொல்றீங்கன்னு, கழட்டி ஜீப்பு மேல வெச்சிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்களாம், யாரோ செல்போனில் படம் பிடித்தார்களாம். மறுநாள் மெமோ வந்தது. பணியில் இருக்கும்போது உத்தரவை மீறியதற்கும் சீருடையை அவமதித்ததற்கும் ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டால் இத்தோடு விட்டுவிடுவதாக ஒருவர் வாய்மொழியாகவும் சொல்லியிருக்கிறார்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன். வேலைய வுட்டுட்டு வந்துடறேன். தணிகாசலம் தாத்தா அப்பிடித்தான வந்தாரு?" என்றாள்.

எனக்கு ஒரு பக்கம் பெருமை பொங்கியது. இன்னொரு பக்கம் அவளைப் பிடித்து இரண்டு அறை விடலாமா என்றிருந்தது. அந்த வேலைக்காக அவள் எத்தனை காலை ஓடினாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான்.

செய்தி தெருவுக்குத் தெரிந்த வேகத்தில் தெரு தலைகீழாக மாறியது. தணிகாசலத்தின் ரத்தம் பேசிவிட்டது என்றார்கள். தீர்ப்புச் சொன்ன அதே பெரியவர்கள் சிவப்பிரகாசத்தைத் தேடி வந்தார்கள். "பொண்ணு தொப்பியத் தூக்கிப் போட்டுடுச்சு. வேலைய வுட்டுட்டா சுத்தமாப் போச்சு. இந்த வருசம் பரிவட்டம் உனுக்குத்தான்," என்றார்கள். கோவிந்தம்மாள் மட்டும் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பரிவட்டமும் வேண்டும், மகளின் வேலையும் வேண்டும்.

சிவப்பிரகாசம் அவர்களுக்கு இரண்டு நாளும் பிடி கொடுக்கவில்லை. மகள் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, நைனா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவான், திரும்பி வருவான், சாப்பிடுவான், படுப்பான்.

ஜாத்திரை அன்று காலை ஏழு மணிக்கு அவன் என் வீட்டு வாசலில் நின்றான். குளித்து, விபூதி வைத்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான்.

"தொப்பிய எங்க வெச்சிகினு கீற?"

"ஃபிரிட்ஜ் மேல. ஏன்?"

"குடு."

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கு? ஊர் முன்னால கொளுத்தறதுக்கா? அது அவ சம்பாதிச்சது. உன் பாட்டன் கதைக்கெல்லாம் நான் குடுக்க மாட்டேன்," என்றேன்.

"கொளுத்தறதுக்கில்ல. பாக்கணும், குடு."

எடுத்துக் கொடுத்தேன். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக அவன் கையில் தொப்பி. திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலே படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்தான். உள்பக்கத்துப் பட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைக் கட்டை விரலால் தடவினான்.

"வேர்வ," என்றான். "வெயில்லயே நிக்கிறா போல கீது." அதற்கு மேல் என்னோடு பேசாமல் தொப்பியோடு நடந்துவிட்டான். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன்.

கோயில் முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. தேவயானி அம்மாவோடு பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். சிவப்பிரகாசம் கையில் காக்கித் தொப்பியைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. பூசாரி பரிவட்டத் தட்டை எடுத்து வந்து நீட்டினார். மேளம் நின்றது.

அவன் தட்டைத் தொடவில்லை. "எனுக்கு வேணாங்க. என் பொண்ணு வேலைய வுடப் போறதில்ல," என்றான்.

பெரியவர்களில் ஒருவர் பதறிப்போனார். "இன்னாப்பா இது? உங்க தணிகாசலம் வுட்டுட்டுதான வந்தாரு?"

"ஆங், வந்தாரு. அது வெள்ளக்காரன் தொப்பி. அவன் கோட்ட, அவன் சட்டம். அதுல நமக்கு இன்னா இருந்தது, நின்னு வழக்குப் பேச? இது யாருது? என் பொண்ணு ஓடி வாங்கினது. நம்முது. நம்முத வுட்டுட்டு இன்னாத்துக்கு வரணும்? இவ வந்துட்டா, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டற ஒருத்தன் அந்த எடத்துல நிப்பான். கடலக்காரம்மா முட்டி போடும்."

பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினான். நான் அவனை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அவ்வளவு நேராக அவன் யாரையும் பார்த்ததில்லை.

"நீ முடியாதுன்னது சரி. நம்ம வம்சத்துல அப்பிடிச் சொன்னவரு ஒருத்தரு, இப்ப நீ. ஆனா கழட்டினது தப்பும்மா. போட்டுகினே சொல்லியிருக்கணும்."

தொப்பியை அவள் தலையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். அவள் வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். புடவைக்கும் அந்தத் தொப்பிக்கும் பொருந்தவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பூசாரி தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் சூர்யபிரகாஷ் பக்கம் திரும்பினார். அவன் இரண்டடி பின்னால் போனான். "நானும் கம்பெனில வலைத்தொப்பி போடறவன்தாங்க," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த வம்சத்திலேயே இன்னும் நாலைந்து பேர் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள், அவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அந்த வருஷத்துப் பரிவட்டம் அம்மன் காலடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இருநூறு வருஷமாகத் தொப்பியைத்தான் வேண்டாம் என்றோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வேறு எதையோ யோசித்தபடி போனார்கள்.

மெமோவுக்குப் பதிலை என் மேஜையில் உட்கார்ந்துதான் தேவயானி எழுதினாள். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்து என் அடுப்பில் போட்டாள். பதில் நாலே வரி. அந்தப் பெண் குற்றம் செய்திருந்தால் சட்டப்படி வழக்குப் போடலாம், முட்டி போட வைக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே அந்த உத்தரவை மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்க இயலாது. பணியின்போது தொப்பியைக் கழற்றியது மட்டும் என் தவறு, அதற்கு வருந்துகிறேன். கடைசி வரி நைனா சொன்னது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

விசாரணை வைத்தார்கள். ஆவணி கடைசியில் அவளை நேரில் கூப்பிட்டார்கள். அன்று பகல் முழுக்கச் சிவப்பிரகாசம் கழனிக்குப் போகவில்லை. என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தான். நாலு மணிக்கு என் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கோவிந்தம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

வேலை போகவில்லை. எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேறு ஸ்டேஷனுக்கு மாற்றல். விசாரணை அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டாராம்: இனிமேல் இப்படிச் செய்வாயா?

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன். சிவப்பிரகாசம் போனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டான்.

"தொப்பியக் கழட்ட மாட்டேன் சார், மத்தபடி அப்பிடித்தான் செய்வேன்னு சொன்னேன்."

சிவப்பிரகாசம் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"போட்டுகினு சொன்னியா?"

"போட்டுகினுதான் சொன்னேன், நைனா."